ஊற்று ஒன்று, ஓடைகள் பல: தைச்சிக் கலையின் பிரிவுகளும் பயிற்சி முறைகளும்

விடியற்காலையில் மலேசிய, சிங்கப்பூர்ப் பூங்காக்களின் வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மரநிழலில் பத்திருபது பேர் வரிசையாக நின்று, நீருக்குள் அசைவதுபோல் கைகால்களை மெல்ல அசைப்பர். பேச்சில்லை, ஆரவாரமில்லை. சற்றுத் தொலைவில் மற்றொரு குழு. அவர்கள் பயில்வதும் தைச்சியே. ஆயினும் முதற்குழுவினர் அகலக் காலூன்றிக் கைகளை விரித்து நிற்க, இரண்டாம் குழுவினர் குறுகிய அடி வைத்து, உடலைச் சற்றே முன்சாய்த்து இயங்குகின்றனர். மூன்றாவது குழுவினரோ மெல்ல அசைந்துகொண்டிருக்கும்போதே திடீரெனத் தரையை ஓங்கி மிதிக்கின்றனர். ஒரே பெயர் தாங்கிய கலையில் இத்துணை வேறுபாடுகள் ஏன்? இவற்றுள் எது மூலம்? எது திரிபு? இவ்வினாக்களுக்கு விடை காண, அக்கலை கடந்து வந்த மூன்றரை நூற்றாண்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பெயரும் பொருளும்

இக்கலையின் முழுப்பெயர் ‘தைச்சிச் சுவான்’ என்பதாகும். ‘தைச்சி’ என்னும் சொல், இருளும் ஒளியும், மென்மையும் வன்மையும் எனும் இரட்டைகள் யாவும் பிறப்பதற்கு இடமான பெருமுதலைக் குறிக்கும் சீன மெய்யியற் சொல்லாகும். ‘சுவான்’ என்பதற்கு முட்டி எனப் பொருள். அஃதாவது, இது முதற்கண் ஒரு போர்க்கலை, பின்னரே உடல்நலக்கலை. இப்பெயரிலுள்ள ‘சி’ உயிர்மூச்சைக் குறிப்பது எனப் பலரும் கருதுவர். அது பிழை. உயிர்மூச்சைக் குறிக்கும் ‘சி’ சீன எழுத்தில் வேறு, ஒலிப்பிலும் வேறு.

கதையும் வரலாறும்

தைச்சியைத் தோற்றுவித்தவர் வூதாங் மலையில் வாழ்ந்த சாங் சான்ஃபெங் என்னும் தாவோயத் துறவி என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கதை. சிறப்புடைய கலைக்குச் சிறப்புடைய முன்னோர் ஒருவரைத் தேடிச் சூட்டுவது எல்லா நாட்டிலும் காணப்படும் வழக்கமே. ஆனால் 1930களில் தாங் ஹாவ் என்னும் ஆய்வாளர், கதையைக் கதையாகவே விட்டுவிட்டு, சான்றுகளைத் தேடி ஹெனான் மாநிலத்தின் வென் மாவட்டத்திலுள்ள சென் சிற்றூருக்கே நேரிற் சென்றார். ஆங்குக் குடும்பக் குறிப்புகளை ஆராய்ந்து, மிங் அரசு வீழ்ந்த 1644ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த சென் வாங்திங் என்னும் வீரரே இக்கலையின் முதல்வர் என்ற முடிவுக்கு வந்தார். சென் வாங்திங் அக்குடும்பத்தின் ஒன்பதாம் தலைமுறையினர்.

அவரும் வெறுவெளியிலிருந்து கலையைப் படைத்துவிடவில்லை. மிங் காலப் படைத்தலைவர் சி ஜிகுவாங் (1528–1588) தம் படைப்பயிற்சி நூலில் 32 கைப்போர் நிலைகளைத் தொகுத்திருந்தார். அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயர்கள் சென் குடும்பப் பயிற்சியிலும் காணப்படுவதைத் தாங் ஹாவ் எடுத்துக்காட்டினார். இம்முடிவை ஏற்காதோர் இன்றும் உளர். எனினும், சான்று காட்டித் தொடரக்கூடிய வரலாறு சென் சிற்றூரிலிருந்தே தொடங்குகிறது என்பதில் ஆய்வாளர் பலரும் உடன்படுவர்.

வேலியைத் தாண்டிய கலை

சென் சிற்றூரில் இக்கலை குடும்பச் சொத்தாகவே காக்கப்பட்டது. அவ்வேலியைத் தாண்டி அதனை வெளியுலகிற்குக் கொண்டுவந்தவர் யாங் லூசான் (1799–1872). ஹெபெய் மாநிலத்தின் யோங்நியன் ஊரினரான இவர், சென் சாங்சிங் (1771–1853) என்னும் ஆசிரியரிடம் பல்லாண்டு பயின்றார். இரவில் சுவரின் ஓட்டை வழியே பார்த்துப் பார்த்தே கலையைக் கற்றார் என்றொரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அயலார்க்குக் கதவு எளிதில் திறக்கவில்லை என்பதை அது உணர்த்துகிறது.

பின்னர்ப் பெய்ஜிங் சென்ற யாங் லூசான், மஞ்சு அரசகுலத்தார்க்கும் காவற்படையினர்க்கும் ஆசிரியரானார். ‘வெல்லற்கரியவர்’ என்னும் பட்டப்பெயரும் பெற்றார். இவருடைய பேரர் யாங் செங்ஃபூ (1883–1936) காலத்தில் மாபெரும் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1911இல் வெடித்த புரட்சியால் மன்னராட்சி முடிவுற்றது. நாடு நலிந்து கிடந்தமைக்கு மக்களின் உடல்நலிவும் ஒரு காரணம் எனச் சீன அறிஞர்கள் எண்ணினர். ஆகவே, அரண்மனைக்குள் இருந்த கலை பொதுக் கழகங்களுக்கு வந்தது. யாங் செங்ஃபூ பெய்ஜிங்கிலும், 1928க்குப் பின் ஷாங்காயிலும் பொதுமக்கட்குக் கற்பித்தார். துள்ளல்களையும் திடீர் வீச்சுகளையும் நீக்கி, ஒரே சீரான வேகத்தில், விரிந்த அசைவுகளோடு கூடிய கோவையை நிலைப்படுத்தினார். இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயிலப்படுவது இவர் வழியே.

ஐந்து பிரிவுகள்

தைச்சியின் முதன்மைப் பிரிவுகள் ஐந்தென்பர். ஐந்தும் குடும்பப் பெயர்களாலேயே வழங்குகின்றன.

முதலாவது சென் பிரிவு. தாழ்ந்த நிலைகளும், பட்டுநூலைச் சுற்றி இழுப்பதுபோன்ற சுழல் அசைவுகளும் இதன் அடையாளம். மெதுவாகச் செல்லும் அசைவு நொடியில் விரைந்து வெடிக்கும். ‘பீரங்கி முட்டி’ எனப் பொருள்படும் இதன் இரண்டாம் கோவை முழுவதும் விரைவும் வேகமும் கொண்டது.

இரண்டாவது யாங் பிரிவு. விரிவும் சீரும் அமைதியும் இதன் இயல்பு.

மூன்றாவதும் நான்காவதும் ‘வூ’ என்றே ஒலிக்கப்படும். சீன எழுத்தில் இரண்டும் வேறு வேறு. முன்னையது, யோங்நியன் ஊரின் கற்றறிந்த குடும்பத்தில் பிறந்த வூ யூசியாங் (1812–1880) வகுத்தது. யாங் லூசானிடமும், சாவ்பாவ் சிற்றூரில் சென் சிங்பிங்கிடமும் பயின்றவர் இவர். அசைவுகளைச் சுருக்கி, உள்ளத்தின் கட்டுப்பாட்டை மிகுவித்தார். தைச்சியின் அடிப்படை ஏடுகள் பலவும் இவர் குடும்பத்தின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளன. பின்னர் ஹாவ் குடும்பத்தாரால் பரவியமையின் இதனை ‘வூ-ஹாவ்’ பிரிவு எனவும் அழைப்பர். பின்னையது, மஞ்சு காவற்படை வீரரான சுவான்யூவின் (1834–1902) மைந்தர் வூ ஜியன்சுவான் (1870–1942) உருவாக்கியது. குறுகிய வளைவுகளும், முன்சாய்ந்தும் வளையாத முதுகும் இதன் அடையாளம். எதிரியின் விசையை எதிர்க்காமல் வெறுமையாக்கி விடுவதில் இப்பிரிவினர் வல்லவர்.

ஐந்தாவது சுன் பிரிவு. சிங்ஈ, பாகுவா எனும் வேறிரு போர்க்கலைகளில் முன்னரே பெயர் பெற்றிருந்தவர் சுன் லூதாங் (1860–1933). பெய்ஜிங்கில் நோயுற்றுக் கிடந்த ஹாவ் வெய்சென்னை இவர் பேணிக் காத்தார். அந்நன்றிக்கு ஈடாக ஹாவ் தம் கலையை இவர்க்குக் கற்பித்தார். தாம் அறிந்த மூன்று கலைகளையும் சுன் லூதாங் ஒன்றிணைத்தார். ஒரு கால் முன்வைத்தால் மறுகால் உடன் தொடரும் உயிர்ப்புமிக்க நடை இதன் சிறப்பு. நிலைகள் உயர்ந்திருப்பதால் முதியோர்க்கு ஏற்றது.

பயிற்சியின் படிகள்

பிரிவுகள் வேறாயினும் பயிற்சியின் உறுப்புகள் பெரும்பாலும் பொதுவானவை. அசையாது நின்று உடலின் அமைப்பை உணர்தல், தனிக்கோவை பயிலல், இருவர் கைதொட்டு நின்று பயிலும் ‘தள்ளு கை’, வாள், ஈட்டி முதலிய படைக்கலப் பயிற்சி என்பன அவை. வேறுபாடு, எதனை முற்படுத்துவது என்பதில்தான் உள்ளது.

தனிக்கோவையை ஆயிரம் முறை செய்தால் மற்றவை தாமே வரும் என்பது ஒருசாரார் கொள்கை. தள்ளு கை இல்லாத தைச்சி, நீரில் இறங்காமல் கரையில் கற்ற நீச்சல் என்பது மறுசாரார் கொள்கை. தள்ளு கையில் வலிமையால் வெல்வதற்கு இடமில்லை. எதிர்நிற்பவர் எத்திசையில், எத்துணை விசையோடு தள்ளுகிறார் என்பதைத் தோலினாலேயே கேட்டறிதல் வேண்டும். சீனரும் இதனைக் ‘கேட்டல்’ என்றே வழங்குவர். கோவையில் கற்ற தளர்ச்சியும் சமநிலையும் மெய்யா, தோற்றமா என்பதை அங்கே ஒருவர் ஏய்க்க முடியாது. எனவே தள்ளு கை பயிற்சி மட்டுமன்று; தேர்வும் ஆகும்.

இக்கலைக்கு ஆற்றல் உண்டா என்னும் ஐயம் பொதுமேடையிலும் எழுந்தது. 1954ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், வூ ஜியன்சுவானின் மைந்தர் வூ கோங்யீ, வெண்கொக்குப் பிரிவைச் சார்ந்த சென் கெஃபூ என்பாருடன் மக்காவ் நகரில் மோதினார். வெற்றி தோல்வி இன்றியே அப்போட்டி முடிந்தது. ஐயமும் முற்றத் தீரவில்லை.

சுருக்கமும் சர்ச்சையும்

யாங் செங்ஃபூவின் நெடுங்கோவை, எண்ணும் முறைக்கேற்ப நூறுக்கு மேற்பட்ட அசைவுகளைக் கொண்டது. அதனைக் கற்கத் திங்கள் பல தேவை. அவர்தம் மாணவருள் ஒருவரான செங் மான்சிங் (1902–1975) மருத்துவர், ஓவியர், கவிஞர். காசநோயால் நலிந்திருந்த தம் உடலைத் தைச்சியால் தேற்றிக்கொண்டவர். மற்றவரும் அப்பயனைப் பெறவேண்டும் என்று, மீள மீள வரும் அசைவுகளை விலக்கி, 37 நிலைகளாகக் கோவையைச் சுருக்கினார். ஆசிரியர் கொடுத்ததைக் குறைக்க இவர் யார் என உடன்பயின்றோர் சிலர் வினவினர். எனினும் அச்சுருக்கமே தைவானிலும், 1964க்குப் பின் நியூயார்க்கிலும் பல்லாயிரவரைக் கலையிடம் அழைத்து வந்தது.

இவர் வழியே நம் மண்ணுக்கும் ஓர் ஓடை வந்தது. செங் மான்சிங்கின் மாணவர் ஹுவாங் சிங்சியன் (1910–1992) 1950களில் சிங்கப்பூர் வந்து, பின்னர் மலேசியாவில் பல பயிற்சிக் கழகங்களை நிறுவினார். ஃபுஜியனில் பிறந்து, இளமையில் வெண்கொக்குக் கலை பயின்றவர் அவர். ஆசிரியரின் குறுங்கோவையை மட்டும் கற்பித்து அவர் நின்றுவிடவில்லை. உடலைத் தளர்த்தும் தனிப்பயிற்சிகளை வகுத்து, அவற்றை முற்படுத்தினார். தள்ளு கையை ஒழுங்குபடுத்தினார். 1970இல், தம் அறுபதாம் அகவையில், கூச்சிங்கில் மற்போர் வீரர் ஒருவரோடு பொதுமேடையில் மோதி வென்றார். கோவை குறுகியதால் கலை குறுகவில்லை என்பதற்கு அவரே சான்று.

இதனினும் பெரிய சுருக்கம் 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையத்தால் செய்யப்பட்டது. யாங் பிரிவிலிருந்து தேர்ந்தெடுத்த 24 அசைவுகள், எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் முறையில் அடுக்கப்பெற்றன. நான்கைந்து மணித்துளிகளில் முடிந்துவிடும் அக்கோவை பள்ளி, ஆலை, பூங்கா என எங்கும் பரவியது. ஒரே அளவுகோல் கிடைத்தமையால் போட்டிகளும் பெருகின. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலும் தைச்சி இடம்பெற்றது. ஆயின், ஒரு குறையும் உடன் வந்தது. கண்ணுக்கு அழகான வடிவமே மதிப்பெண் பெற்றது. தொட்டு அறியவேண்டிய உள்ளாற்றலுக்கு அவ்வளவுகோலில் இடமில்லை.

சிற்றூருக்குத் திரும்பிய ஆசிரியர்

கலை நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஊற்றுக்கண்ணாகிய சென் சிற்றூர் வறண்டுகொண்டிருந்தது. போரும் பஞ்சமும் ஊரைச் சிதைத்திருந்தன. 1928ஆம் ஆண்டிலேயே பெய்ஜிங் சென்று கற்பித்துப் புகழ்பெற்ற சென் சாவ்பி (1893–1972), 1958இல் முதியவராகத் தம் ஊருக்குத் திரும்பினார். குலக்கலையைக் கற்பிக்கத் தக்கவர் ஊரில் அருகிவிட்டதைக் கண்டு வருந்தினார். ஓய்வை மறந்து, சிறுவர்களைத் திரட்டிக் கற்பிக்கத் தொடங்கினார். 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி, பழங்கலைகளைப் பகையெனக் கருதியது. இழிவுக்கும் துன்பத்துக்கும் ஆளான நிலையிலும் அவர் கற்பிப்பதைக் கைவிடவில்லை. அன்று அவரிடம் பயின்ற இளைஞர்களே பின்னாளில் உலகெங்கும் சென் பிரிவைக் கொண்டுசென்ற ஆசிரியர்கள் ஆயினர். 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் தைச்சியை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அவ்வறிவிப்புக்குப் பின்னால், கூரையில்லா வெளியில் சிறுவர் சிலரை நிறுத்திக் கற்பித்த அம்முதியவரின் உழைப்பும் மறைந்து நிற்கிறது.

முடிவு

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். ஒவ்வொரு பிரிவும் தன்முன் நின்ற மாணவரைப் பார்த்து ஓர் ஆசிரியர் அளித்த விடையாகும். சென் வாங்திங்கின் முன் நின்றோர் கலகக் காலத்து ஊர்க்காவலர்; அவர்களுக்கு வெடிக்கும் ஆற்றல் வேண்டியிருந்தது. யாங் செங்ஃபூவின் முன் நின்றோர் நகரத்து மாந்தர். அவர்களுக்குச் சீரான மென்மை வேண்டியிருந்தது. செங் மான்சிங்கின் முன் நின்றோர் பொழுதில்லாதோர். அவர்களுக்குச் சுருக்கம் வேண்டியிருந்தது. 2012இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், நடுக்குவாத நோயாளர் 195 பேரைக்கொண்டு ஆறு திங்கள் நடத்திய ஆய்வில், தைச்சி பயின்றோர் மற்றப் பயிற்சி பெற்றோரினும் சிறந்த சமநிலை எய்தினர் எனக் கண்டனர். அந்நோயாளர்க்குத் தாழ்ந்த நிலையும் ஓங்கிய மிதியும் எதற்கு? மாணவர் மாறும்போது பாடமும் மாறத்தான் வேண்டும்.

ஆயினும் மாற்றத்திற்கும் ஓர் எல்லை உண்டு. முதுகின் நேர்மை, தோளின் தளர்ச்சி, எடை தாங்கும் காலையும் தாங்காத காலையும் பிரித்தறிதல், இடையிலிருந்து எழும் அசைவு ஆகியவை ஐந்து பிரிவுக்கும் பொது. இவற்றை விட்டபின் எஞ்சுவது வெறும் கையசைப்பே. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கலாகாது என்பதை, நெடும்பாடத்தை முழுதும் கற்றவரே அறிவார். செங் மான்சிங் குறைக்க முடிந்தது, குறையாமல் அவர் கற்றிருந்ததால்தான். கதவைத் திறந்துவிட்ட யாங் குடும்பமும் வேண்டும். ஊற்றைத் தூர்ந்துபோகாமல் காத்த சென் சாவ்பியும் வேண்டும். ஒருவர் இல்லையேல் கலை ஊரெல்லையைத் தாண்டியிராது. மற்றவர் இல்லையேல் தாண்டிய கலைக்குத் திரும்பிப் பார்க்க ஓர் ஊர் இருந்திராது.