கொல்லை நீலமும் எல்லைக் கோடும்



கனகம்மாசத்திரம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்தை வெட்டிவிட்டு கார் ஷெட் போடலாம் என்கிறான் என் பெரியவன். அவன் பிறப்பதற்கு முந்தைய கதை அது.

அப்பா அந்த நீலம் ஒட்டுக்கன்றை வைத்தது 1958-இல். அப்போது திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் என்று நீண்டு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. "கன்று வைத்தது ஆந்திராவில், காய் பறித்தது மதராஸில்" என்பார் அப்பா.

பல மா வகைகள் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஏமாற்றும். நீலம் வருஷா வருஷம் காய்க்கும். அதனால்தான் டெல்லி பூசாவில் வடநாட்டுத் தசேரியோடு இதைக் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி இரண்டையும் உருவாக்கினார்கள். மல்லிகாவுக்கு நீலம் தாய், ஆம்ரபாலிக்குத் தகப்பன். ஆம்ரபாலி குட்டை மரம், சின்னக் கொல்லைக்கு ஏற்றது. நம்முடையது கூரைக்கு மேலே போய்விட்டது.

அதில் என் தப்பும் உண்டு. ஓய்வுபெற்ற வருஷம் மார்கழியில் கிளை கழித்தேன். பூக்க வேண்டிய நுனிகளெல்லாம் தரையில் கிடந்தன. அந்த வருஷம் ஊறுகாய்க்குக்கூடக் காய் இல்லை. அந்த பயத்தில் பிறகு அரிவாளைத் தொடவே இல்லை. காய் இறங்கிய கையோடு, ஆடியில் கழிக்க வேண்டும். அப்போதுதான் புதுத்தளிர் முற்றித் தையில் பூக்கும். நடுக்கிளை ஒன்றிரண்டை எடுத்தால் உள்ளே வெயில் விழும்.

இந்த ஆடியில் அப்படிச் செய்யப்போகிறேன். ஷெட்டுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஒட்டுக்கட்டக் குச்சி வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லுங்கள்.