டான் ஸ்டேலி

டான் ஸ்டேலி (பிறப்பு: 4 மே 1970, ஃபிலடெல்ஃபியா) அமெரிக்காவின் முன்னாள் கூடைப்பந்து வீராங்கனை, 2008 முதல் தென் கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர். ஆட்டக்காரராக 1996, 2000, 2004 ஒலிம்பிக் தங்கங்களையும், பயிற்சியாளராக டோக்கியோ ஒலிம்பிக் தங்கத்தையும் 2017, 2022, 2024 தேசியக் கல்லூரிப் பட்டங்களையும் வென்றவர். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர், சிறந்த பயிற்சியாளர் என நெய்ஸ்மித் விருதை இரு வகையிலும் பெற்ற முதல் நபர் இவரே. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அணியை நடத்தும் பாயின்ட் கார்டாக ஆடியவர் என்பதால், களத்துக்குள் செய்த வேலையையே பிறகு களத்தின் ஓரத்தில் நின்று செய்தார் என்று இவரது வாழ்க்கையை விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் பாதி தூரம்தான் வரும். ஸ்டேலி எந்த மாதிரியான அணிகளில் ஆடித் தோற்றாரோ, அவற்றுக்கு நேர் எதிரான அணிகளையே பயிற்சியாளராகக் கட்டினார் என்பதே ஆதாரங்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

வட ஃபிலடெல்ஃபியாவின் ரேமண்ட் ரோசன் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த ஸ்டேலியின் உயரம் 5 அடி 6 அங்குலம். 1988-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டெபி ரயன் பயிற்சியளித்த அந்த அணி 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. பட்டம் மட்டும் வரவில்லை. 1991 இறுதி ஆட்டத்தில் ஸ்டேலி 28 புள்ளிகள் எடுத்தார். குட்டையான அவரே 11 ரீபவுண்டுகளையும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்துகளையும்) பிடித்தார். ஆனாலும் கூடுதல் நேரத்தில் பாட் சம்மிட் பயிற்சியளித்த டென்னசி அணி 70-67 என வென்றது. அந்தப் போட்டித் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் ஸ்டேலிக்கே போனது. ஒரே ஆளின் தோளில் ஓர் அணி எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். மறு ஆண்டு அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் 66-65 என ஒரு புள்ளியில் தோல்வி. (இதே 66-65 என்ற கணக்கில் பயிற்சியாளராக 2015-ல் நோட்டர் டேமிடமும், 2021-ல் மறுபடி ஸ்டான்ஃபோர்டிடமும் அரையிறுதியில் தோற்றது விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.) தொழில்முறை ஆட்டத்திலும் கதை மாறவில்லை. குறுகிய காலமே நடந்த ஏ.பி.எல். தொடரில் 1997 இறுதியிலும், டபிள்யூ.என்.பி.ஏ. தொடரில் ஷார்லட் ஸ்டிங் அணிக்காக 2001 இறுதியிலும் ஆடினார். இரண்டிலும் எதிரணிக்கே கோப்பை.

ஆட்டக்காரராக அவர் வென்றதெல்லாம் அமெரிக்க தேசிய அணியில்தான். 1996 அணி ஏறக்குறைய ஓராண்டு ஒன்றாகப் பயணம் செய்து, ஒலிம்பிக் உட்பட 60 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் முடித்தது. அங்கே புள்ளி குவிக்கும் பொறுப்பு லிசா லெஸ்லி முதலான பலரிடம் இருந்தது. ஸ்டேலி பன்னிருவரில் ஒருவர். கல்லூரியில் எல்லாச் சுமையும் தன்மேல் இருந்தபோது கிடைக்காதது, சுமை பகிரப்பட்ட இடத்தில் மூன்று முறை கிடைத்தது. இந்த வேறுபாட்டை அவர் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

2000-ல் டெம்பிள் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. குளிர்காலத்தில் பயிற்சி, கோடையில் டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டம் என 2006 வரை இரு வேலையும் நடந்தது. எட்டு சீசன்களில் 172 வெற்றி, 80 தோல்வி. தென் கரோலினாவில் முதல் சீசன் பரிதாபமானது: 10 வெற்றி, 18 தோல்வி. அங்கிருந்து அவர் எழுப்பிய அணிகளின் முதுகெலும்பு, அவரைப் போன்ற குட்டை கார்டுகள் அல்ல; ஏஜா வில்சன், அலியா பாஸ்டன், கமிலா கார்டோசோ போன்று கூடைக்கடியில் நிற்கும் நெடிய ஆட்டக்காரர்கள். 2022 இறுதியில் கனெடிகட் அணியை 64-49 என வென்றபோது ரீபவுண்டுக் கணக்கு 49-24. அந்த வெற்றியால், ஆடவர் மகளிர் இரு பிரிவுகளிலும் சேர்த்து, முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் இரண்டு தேசியப் பட்டங்கள் பெற்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளரானார்.

என் வாதத்துக்கு வலுவான சான்று 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகள். தோல்வியே காணாமல் 2023 அரையிறுதிக்கு வந்த தென் கரோலினாவை அயோவா 77-73 என வீழ்த்தியது; அதன் கெய்ட்லின் கிளார்க் தனியாக 41 புள்ளிகள் எடுத்தார். தொடக்க ஐவரும் அத்துடன் கல்லூரியை விட்டுப் போனார்கள். அடுத்த சீசனில் முற்றிலும் புதிய ஐவரோடு ஸ்டேலி 38 ஆட்டங்களில் 38-ஐயும் வென்றார். இறுதியில் எதிரே நின்றது மீண்டும் கிளார்க். அவர் 30 புள்ளிகள் எடுத்தும் அயோவா 87-75 எனத் தோற்றது. தென் கரோலினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் 37 புள்ளிகள் சேர்த்தபோது, அயோவாவின் மாற்று ஆட்டக்காரர்கள் ஒன்றுகூட எடுக்கவில்லை. 1991-ல் ஸ்டேலி இருந்த இடத்தில் இப்போது கிளார்க். அன்றைய டென்னசியின் இடத்தில் ஸ்டேலியின் அணி.

மறுப்புகள் உண்டு. வில்சன், பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகரை அடுத்த ஹாப்கின்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்படி ஒருவர் வாசலிலேயே கிடைத்தது அதிர்ஷ்டம், மற்றது பணம் என்பார்கள். ஆனால் தென் கரோலினா தான் ஆடும் தென்கிழக்குக் கல்லூரிகள் குழுவின் (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) வழக்கமான சீசன் பட்டத்தை முதன்முதலாக வென்றது 2014 தொடக்கத்தில். வில்சன் கல்லூரிக்கு வந்தது அந்த ஆண்டின் பிற்பகுதியில். ஏறும் அணியில்தான் அவர் சேர்ந்தார். உயரமே எல்லாம் என்றால் 2017 எப்படி என்பது இன்னும் நல்ல கேள்வி. அணியின் மற்றொரு நெடிய ஆட்டக்காரரான அலேனா கோட்ஸ் காயமடைந்ததும் ஸ்டேலி, வில்சனைச் சுற்றி நான்கு சிறிய, வேகமான ஆட்டக்காரர்களை வைத்தே பட்டம் வென்றார். ஆகவே நெடியவர்கள் அவருக்கு ஒரு வழிதான். ஒருவர் இல்லாமல் போனாலும் அணி நிற்க வேண்டும் என்பதே அவர் விடாமல் பிடித்துக்கொண்டது.

கடுமையான மறுப்பு 2025 இறுதி ஆட்டம். கனெடிகட் 82-59 என நொறுக்கியது. அங்கும் வென்றது ஒற்றை ஆள் அல்ல. கனெடிகட்டின் அஸி ஃபட், சாரா ஸ்ட்ராங் ஆளுக்கு 24 புள்ளிகள் எடுத்தனர். எனினும் தென் கரோலினா தரப்பில் எவரும் 10 புள்ளிகளைத் தாண்டவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியாது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும் அணியில், ஆட்டம் கைநழுவும் நேரத்தில் பந்தைக் கேட்டு வாங்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஸ்டேலியும் அதை உணர்ந்ததாகவே தெரிகிறது: அந்த சீசனில் நாட்டிலேயே அதிகச் சராசரியில் புள்ளி எடுத்த ஃப்ளோரிடா ஸ்டேட் கார்டு டனியா லாட்சனை அந்த ஆண்டே தன் அணிக்குக் கொண்டுவந்தார்.