கோரி டென் பூம் (1892–1983)

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரம் பழுதுபார்த்துவந்த கிறிஸ்தவப் பெண்மணி. நாஜி ஆக்கிரமிப்பின்போது குடும்பத்தோடு சேர்ந்து யூதர்களை வீட்டில் ஒளித்துக் காத்ததற்காக 1944 பிப்ரவரியில் கைதானார். தந்தை காஸ்பர் பத்தே நாளில் காவலில் இறந்தார். கோரியோடு ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் அடைக்கப்பட்ட அக்காள் பெட்சி டிசம்பரில் அங்கேயே மாண்டார்.

1947இல் மியூனிக் நகரில் கோரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே முகாமின் முன்னாள் காவலர் ஒருவர் எதிரில் வந்து மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினார். கோரியின் கை எழவில்லை. தம் நெஞ்சில் அப்போது அன்பு துளியும் இல்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். உள்ளுக்குள் ஜெபித்து, மனவுறுதி ஒன்றாலேயே கையைக் கொடுத்தார்; அன்பு அதன் பிறகுதான் வந்தது. இந்த நேர்மையே அவருடைய சாட்சியத்தை நம்பவைக்கிறது. மன்னிப்பு அவருக்குப் பேச்சோடு நிற்கவில்லை: வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காக நெதர்லாந்தின் புளூமெண்டாலில் அவர் நடத்திய இல்லம், நாஜிகளோடு ஒத்துழைத்த டச்சுக்காரர்களுக்கும் பின்னர் இடம் கொடுத்தது.