மலையேறிய காந்த முள்

பிரிட்டனின் மிக உயரமான மலை பென் நெவிஸ். ஸ்காட்லாந்தில் இருக்கும் அந்த 1,345 மீட்டர் மலையின் உச்சியில் மேகம் கவிந்துவிட்டால், பத்திரமாக இறங்க இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும்: 231, 282. உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணிலிருந்து 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நடக்க வேண்டும். பிறகு திரும்பி 282 பாகையில் தொடர வேண்டும். முதல் நடையில் வலப்பக்கம் ஒதுங்கினால் கார்டிலூ கல்லி என்ற செங்குத்துப் பிளவு. இரண்டாம் நடையில் இடப்பக்கம் சரிந்தால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்ற இன்னொரு பிளவு. இரண்டும் உயிர்களை வாங்கிய இடங்கள்.

அந்த எண்களைக் காலடிகளாக மாற்றித் தரும் பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் திருகக்கூடிய வட்டக் குப்பி, குப்பிக்குள் எண்ணெயில் மூழ்கிச் சுழலும் சிவப்பு முனை கொண்ட முள். மலைநடைக்காரர்கள் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ளும் இந்தத் திசைகாட்டிக்கு வயது ஏறத்தாழ நூறுதான். உள்ளே ஆடும் முள்ளுக்கோ ஆயிரத்தை நெருங்குகிறது. முள் தட்டில் ஏற ஏன் இத்தனை நூற்றாண்டு பிடித்தது என்பதில்தான் இதன் கதை இருக்கிறது.

சீன அறிஞர் ஷென் குவோ 1088 வாக்கில் எழுதிய நூலில் முள்ளின் பிறப்புச் சான்று கிடைக்கிறது. காந்தக் கல்லில் தேய்த்த ஊசியை நகத்தின்மேல் வைக்கலாம், கிண்ணத்தின் விளிம்பில் வைக்கலாம், நீரில் மிதக்கவிடலாம். ஆனால் பட்டு இழையில் தொங்கவிடுவதே சிறந்தது என்கிறார் அவர். ஊசி மிகச் சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கில் விலகுவதையும் குறித்துவைத்தார். அந்த விலகல் பின்னாளில் மலைநடைக்காரர்களின் தலைவலியாக மாறப்போகிறது.

சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் அலெக்சாண்டர் நெக்கம் எழுத்தில் முள் ஐரோப்பாவுக்குள் நுழைகிறது, கப்பல்காரனின் கருவியாக. அதன்பின் பல நூற்றாண்டுகள் அதற்குக் கடல் வாழ்க்கைதான். கப்பலில் வரைபடத்தை விரிக்க மேசை உண்டு, கோணம் அளக்கத் தனிக் கருவிகள் உண்டு, கணக்குப் போட ஆள் உண்டு. முள் வடக்கைக் காட்டினால் போதும், மற்ற வேலையை மேசை பார்த்துக்கொண்டது. முள் ஏன் வடக்கே பார்க்கிறது என்பதற்கு, பூமியே ஒரு பெரிய காந்தம் என்ற விடையை 1600இல் வில்லியம் கில்பர்ட் தந்தார்.

கரையேறிய முள்ளை முதலில் கையில் எடுத்தவர்கள் நில அளவையாளர்களும் படைவீரர்களும். 1812இல் லண்டனில் ஷ்மால்கால்டர் என்ற கருவி வினைஞர் முப்பட்டகம் பொருத்திய திசைகாட்டிக்குக் காப்புரிமை பெற்றார். தூரத்துக் கோபுரத்தைக் குறிபார்த்துக்கொண்டே அதன் கோணத்தையும் அதே கண்ணால் படிக்கலாம். நிலத்தை அளந்து வரைபடமாக்க அது அருமையான கருவி. மலைநடைக்காரருக்குத் தேவைப்பட்டதோ அதற்கு நேர் எதிரான வேலை. வரைபடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது; அதில் இருக்கும் கோட்டை நிலத்தில் தன் கால்முன் கொண்டுவர வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கோணமானி, பென்சில், மனக்கணக்கு. காற்று வரைபடத்தைப் பிடுங்க, மழை பென்சில் கோட்டைக் கரைக்க, விறைத்த விரல்களால் இந்த மூன்றையும் கையாள வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் அவசரம் பிறந்தது ஸ்வீடனின் காடுகளில். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு குறித்த புள்ளிகளைத் தேடிப் பிடித்து ஓடும் ஓரியண்டீரிங் என்ற போட்டியை, இளைஞர்களுக்கான விளையாட்டாக அங்கே வளர்த்தவர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற படை அதிகாரி. 1919இல் ஸ்டாக்ஹோம் அருகே அவர் நடத்திய போட்டியிலிருந்து அது பரவத் தொடங்கியது. நடப்பவர் நின்று நிதானமாகக் கோணம் அளக்கலாம். ஓடுபவருக்கு ஒவ்வொரு விநாடியும் இழப்பு.

அந்த ஓட்டக்காரர்களில் ஒருவர் குன்னார் டில்லாண்டர். தொழிலில் கருவி வினைஞர், அப்போது வேலை இல்லாதவர். 1928இல் அவர் செய்தது முள்ளை மேம்படுத்தும் வேலையே அல்ல. கோணமானியைத் தனியே வைத்திருப்பானேன் என்று கேட்டு, அதையே திசைகாட்டிக்கு அடித்தட்டாக்கிவிட்டார். ஒளி ஊடுருவும் தட்டு. அதன்மேல் சுழலும் குப்பி. தட்டில் செல்லும் திசையைக் காட்டும் கோடு. ஏற்கெனவே திசைகாட்டி விற்றுவந்த சக ஓட்டக்காரர்களான ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்கள் மூவரிடம் அதைக் கொண்டுபோனார். நால்வரும் சேர்ந்து திருத்தி, 1932 முடிந்து 1933 பிறக்கும் தறுவாயில் சில்வா நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

தட்டு செய்த மாற்றத்தைப் பயன்படுத்திப் பார்த்தால்தான் உணர முடியும். நிற்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் தொடுமாறு தட்டின் விளிம்பை வரைபடத்தில் வைக்க வேண்டும். குப்பியைத் திருகி, அதன் அடியில் உள்ள இணைகோடுகளை வரைபடத்தின் வடக்கு-தெற்குக் கோடுகளோடு ஒட்டவைக்க வேண்டும். இதுவரை முள்ளைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கருவி இப்போது வெறும் கோணமானி. பிறகு அதை மார்புக்கு நேரே பிடித்து, முள்ளின் சிவப்பு முனை குப்பியில் வரைந்த அம்புக்குள் வந்து படுக்கும்வரை உடம்பைத் திருப்ப வேண்டும். தட்டின் கோடு காட்டும் பக்கம் நடக்க வேண்டும். எண்ணையே படிக்காமல்கூட இதைச் செய்துவிடலாம். கப்பலின் மேசை சுருங்கி உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

இன்னொரு குறை மிச்சமிருந்தது: காற்றில் சுழலும் முள் ஓய்வதற்கு நேரமெடுக்கும். திரவத்தில் மூழ்கவைத்தால் ஆட்டம் உடனே அடங்கும் என்பது கப்பல்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சின்னஞ்சிறு குப்பியைக் கசியாமல் அடைப்பது கடினம். ஃபின்லாந்தின் நில அளவையாளர் துவோமாஸ் வொஹ்லோனென், இலேசான செல்லுலாய்டு குப்பியில் பெட்ரோலிய எண்ணெயை நிரப்பி மூடும் முறைக்கு 1933இல் காப்புரிமை கோரினார். 1936இல் அவர் தொடங்கிய சூன்டோ நிறுவனம் அந்த வழியில் வளர்ந்தது. இன்று மலைக்கடையில் விலை கேட்கும் திசைகாட்டி பெரும்பாலும் ஸ்வீடன் தட்டும் ஃபின்லாந்து எண்ணெயும் கூடிப் பிறந்த பிள்ளை. உயரத்திலும் குளிரிலும் குப்பிக்குள் ஒரு சிறு குமிழி தோன்றலாம்; முள்ளின் ஆட்டத்தைத் தடுக்காதவரை அது பாதகமில்லை. கீழே இறங்கியும் மறையாமல் பெரிதாகிக்கொண்டே போனால் குப்பி கசிகிறது என்று பொருள்.

சகோதரர்களில் ஒருவரான பியோர்ன் ஷெல்ஸ்ட்ரோம் 1946இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, இந்தக் கருவியையும் விளையாட்டையும் அங்கே பரப்பினார். உலகெங்கும் போகத் தொடங்கியபோது ஒரு சங்கடம் வெளிப்பட்டது. பூமியின் காந்தப்புலம் எல்லா இடங்களிலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. ஸ்காட்லாந்தில் அது முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கிறது, ஆஸ்திரேலியாவில் தென்முனையை. காந்த நிலநடுக்கோட்டின் அருகிலிருக்கும் தும்பாவிலோ திருநெல்வேலியிலோ முள் ஏறத்தாழக் கிடையாகப் படுக்கும். ஆகவே விற்கப்படும் வட்டாரத்துக்கு ஏற்ப எதிர்முனையில் எடை சேர்த்து முள்ளைச் சமன்செய்கிறார்கள். எடின்பரோவில் வாங்கியதை நியூசிலாந்து மலைக்குக் கொண்டுபோனால் முள் குப்பியின் அடியில் உரசி நிற்கக்கூடும்.

ஷென் குவோ கண்ட விலகல் இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் அது ஓரிடத்திலேயே காலத்தோடு மாறுகிறது. லண்டனில் 1580இல் முள் உண்மை வடக்கிலிருந்து சுமார் 11 பாகை கிழக்கே நின்றது. 1820 வாக்கில் சுமார் 24 பாகை மேற்கே போய்விட்டது. ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டருக்கு மேல் தள்ளிப் போவோம். அதனால்தான் பிரிட்டிஷ் மலைநடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக, வரைபடத்தில் எடுத்த கோணத்தோடு காந்த விலக்கத்தைக் கூட்டிக்கொள்ளப் பழகினார்கள். 2022 நவம்பரில் டார்செட் கடற்கரையோரம் லாங்டன் மாட்ரவர்ஸ் என்ற ஊரில் உண்மை வடக்கு, காந்த வடக்கு, வரைபடக் கட்ட வடக்கு மூன்றும் ஒரே கோட்டில் வந்தன. அந்தச் சந்திப்பு அதன்பின் மெல்ல வடக்கே நகரத் தொடங்கியது. அது கடந்துபோன இடங்களில் விலக்கம் மறுபக்கம் சாய்கிறது. அப்பா கூட்டியதை மகள் கழிக்க வேண்டும். பழைய கையேட்டை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் வழி தவறும் காலம் இது.

இந்த வயதான கருவிக்குப் போட்டி வானத்திலிருந்து வந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1978 முதலே ஏவப்பட்டாலும், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்துவைத்திருந்தது. 2000 மே மாதம் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டதும், நூறு மீட்டர் அளவுக்கு இருந்த பிழை பத்து இருபது மீட்டராகச் சுருங்கியது. சில ஆண்டுகளில் அது கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. திசைகாட்டியால் ஒருபோதும் நேரடியாகச் சொல்ல முடியாத ஒன்றைக் கைப்பேசி நொடியில் சொல்கிறது: நீ நிற்பது இங்கே. பனிமூட்டத்தில் தொலைந்து நிற்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பழைய கருவியின் பெருமை பேசி இதை மறுப்பது வீண் வீம்பு.

ஆனால் இங்கிருந்து எப்படிப் போவது என்பது வேறு கேள்வி. 2021இல் பென் நெவிஸைப் பராமரிக்கும் ஜான் முயர் அறக்கட்டளையும் மவுண்டனீரிங் ஸ்காட்லாந்து அமைப்பும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. கூகுள் மேப்ஸ் காட்டிய வழி உயிருக்கே உலை வைக்கக்கூடிய செங்குத்துச் சரிவில் கொண்டுவிடும் என்றன. திரையில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு இடையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்பவை, நெருக்கமாக விழுந்த சமவுயரக் கோடுகளும் பாறைக் குறிகளும் கொண்ட நல்ல மலை வரைபடங்கள்தான். குளிரில் மின்கலம் விரைவில் தளர்வதும், ஈரக் கையுறைக்குத் தொடுதிரை பணியாததும் எல்லோரும் அறிந்தவை.

பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் உறையிலும் காந்தம் இருக்கிறது. ஒரே பையில் திசைகாட்டியோடு கிடந்தால் முள்ளின் துருவமே தலைகீழாகிவிடலாம். பிறகு சிவப்பு முனை தெற்கைக் காட்டும். முள் ஆடுவதும் அடங்குவதும் வழக்கம்போலவே இருப்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இரண்டையும் வெவ்வேறு பைகளில் வைப்பது நல்லது. முள்ளை ஏமாற்றக் கைப்பேசிதான் வேண்டும் என்பதில்லை. ஸ்கை தீவின் கூயிலின் மலைத்தொடரில் காந்தத் தன்மையுள்ள பாறைகளே அதைத் திசை திருப்பிவிடுகின்றன. அங்கே கண்ணும் வரைபடமும்தான் துணை.

எனவே கடையில் நிற்பவர் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எது விடை என்று கேட்பது பயன்தரும். எங்கே இருக்கிறேன் என்றால் கைப்பேசி. இடையில் என்ன இருக்கிறது என்றால் காகித வரைபடம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றால் திசைகாட்டி. எவ்வளவு தூரம் வந்தேன் என்றால் கைக்கடிகாரம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம் என்பது, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கின் இன்றைய வடிவம். திசைகாட்டி வாங்கும்போது, வரைபடத்தில் இரண்டு இடங்களை எட்டித் தொடுமளவு நீண்ட தட்டு, கையுறையோடு திருகக்கூடிய வட்டம், உங்கள் வட்டாரத்துக்குச் சமன்செய்த முள், உங்கள் வரைபடத்தின் அளவுக்குப் பொருந்தும் அளவுகோல் ஆகியவற்றைப் பாருங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான் திசைகாட்டிக்கு முள் உண்டு, தட்டு இல்லை. வடக்கு தெரியும், வழி தெரியாது.

வாங்கியதை வெயில் அடிக்கும் நாளிலேயே எடுத்துப் பழக வேண்டும். குப்பியைத் தலைகீழாகத் திருகி நேர் எதிர்த்திசையில் புறப்படுவது, புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. எதிரே மலை தெரியும்போது அந்தப் பிழை பத்து அடியிலேயே பிடிபட்டுவிடும். மேகத்துக்குள் நின்றுகொண்டு முதல்முறையாகக் கற்றுக்கொள்பவருக்கு, அது பிழை என்று எடுத்துச்சொல்ல அங்கே எதுவுமே இருக்காது.