பிரசவத்தோடு முடியும் பாடம்

மகப்பேற்றுக்கு முந்தைய வகுப்பு என்றதும் மூச்சுப் பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. காரணம் உண்டு. 1951-இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று திரும்பிய பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் பரப்பிய முறையின் இலக்கு பிரசவ வலியைச் சமாளிப்பது. அமெரிக்காவில் ராபர்ட் பிராட்லி கணவரையும் பிரசவ அறைக்குள் கொண்டுவந்தார். ஆனால் கணவருக்குக் கிடைத்ததும் பிரசவ நேரத்துத் துணைப்பணிதான். குழந்தையோடு வீடு திரும்பிய பிறகு இருவருக்கும் இடையே என்ன நிகழும் என்பது பாடத்தில் இல்லை. அப்படியிருக்க, இவ்வகுப்புகளால் மணவாழ்வின் நிறைவு கூடவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

குழந்தை பிறந்தபின் மணவாழ்வின் நிறைவு குறைவது உண்மையா? 1957-இல் ஆய்வாளர் லெமாஸ்டர்ஸ் பேட்டி கண்ட 46 தம்பதியரில் 83 விழுக்காட்டினர் முதல் குழந்தையின் வரவைக் கடும் நெருக்கடியாகவே சொன்னார்கள். ஆனால் நடந்ததைப் பின்னால் நினைவுகூரச் சொல்லிப் பெற்ற தகவல் அது. குழந்தையில்லாதோருடன் ஒப்பீடும் இல்லை. டாஸும் சக ஆய்வாளர்களும் 218 தம்பதியரை எட்டாண்டுகள் தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: குழந்தையில்லாதோரின் நிறைவும் குறையத்தான் செய்கிறது, ஆனால் மெல்ல மெல்ல, பெற்றோரானவர்களுக்கோ அது சட்டென்று சரிகிறது.

சரிவின் வேரைத் தொட்டவர்கள் என நான் கருதுவது பெர்க்லியின் உளவியலாளர்களான கரோலின் கோவன், பிலிப் கோவன் இணையரை. ‘யார் எதைச் செய்கிறார்கள்?’ என்றொரு வினாநிரலை அவர்கள் உருவாக்கினார்கள். கர்ப்பகாலத்தில் தம்பதியர் எதிர்பார்த்த வேலைப்பங்கீடு ஒன்று. குழந்தை பிறந்தபின் நடந்தது வேறு. எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் சுமை தாயின் தலையிலேயே விழுந்தது. இராத்திரி அழுகைக்கு யார் எழுவது என்பதற்குக் கர்ப்பகாலத்தில் தரப்படும் எந்த விடையும் வெறும் ஊகம். ஊகத்தின்மீது நடத்தப்படும் பாடம் எவ்வளவு தூரம் தாங்கும்?

எனவேதான் கோவன் இணையர் நடத்திய தம்பதியர் குழுக்கள் பிரசவத்தோடு கலையவில்லை. பேற்றுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கி மூன்று மாதம் பின்புவரை, 24 வாரம், நான்கு தம்பதியர் வீதம் கூடினார்கள். கைக்குழந்தையும் கூடவே வந்தது. 66 தம்பதியரைக் கொண்டு 2006-இல் வெளியான தொடராய்வின்படி, குழந்தைகள் பள்ளி சேரும் வயதிலும் குழுவில் இருந்தோரின் நிறைவு மற்றவர்களுடையதைப் போலச் சரியவில்லை. எண்ணிக்கை சிறிது, பெரும்பாலும் நடுத்தர வர்க்கம். திருமணமாகாத, வருவாய் குறைந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இணையரிடம் அமெரிக்க அரசு நடத்திய ‘வலுவான குடும்பங்களைக் கட்டுதல்’ என்ற உரையாடல் பயிற்சித் திட்டம் சராசரியில் உறவின் தரத்தை உயர்த்தவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வாடகைக்கும் வேலைக்கும் அல்லாடும் வீட்டில் உரையாடல் பயிற்சி மட்டும் என்ன செய்யும்?

கோவன் குழுக்களின் மாதிரியை இங்கே கொண்டுவர நினைப்போருக்கு ஒரு சிக்கல். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகும் வழக்கமுள்ள குடும்பங்களில், கோவன் குழுக்கள் கூடிய அதே மாதங்களில் கணவன் ஓரூரிலும் மனைவி வேறூரிலும் இருக்கலாம். அங்கே இராத்திரி எழுவது பெண்ணின் அம்மா. கணவனும் மனைவியும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சு, பிள்ளையோடு அவள் திரும்பிவரும் நாளில்தான் தொடங்கும். அதற்குள் மகப்பேற்று வகுப்பு முடிந்து மாதங்களாகியிருக்கும்.