திருச்செந்தூர் வட்டாரம்: பொது நூலகமும் மழலையர் எழுத்தறிவும்

பள்ளியில் எழுத்துக் கூட்டத் தொடங்குமுன் குழந்தைக்கு வாய்க்கும் மொழிப் பயிற்சியே மழலையர் எழுத்தறிவு. கதை கேட்பது, படத்தைக் காட்டிப் பேசுவது, புத்தகத்தைப் புரட்டுவது எல்லாம் அதில் அடங்கும். யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலக அறிக்கை, சிறு வயதிலேயே வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதை நூலகப் பணிகளில் முதலாவதாகச் சொல்கிறது.

திருச்செந்தூர், 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடிய முயற்சியால் வந்த சட்டம் அது. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியே இந்நூலகங்களின் முதன்மை வருவாய். ஆகவே மழலையர் நூலகத்திடம் எதிர்பார்ப்பது சலுகை அன்று, உரிமை.

செவிவழி மொழிப் பயிற்சி இவ்வூருக்குப் புதிதல்ல. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ், தாலாட்டையும் கைகொட்டலையும் நிலாவை அழைப்பதையும் இலக்கியமாக்கியது. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, செந்தில் முருகன் சன்னிதியில் வாய் திறந்து பாடினார் என்பது மரபு. விஜயதசமியன்று விரல் பிடித்து அரிசியில் எழுதவைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அது ஒருநாள் சடங்கு. மீதி நாட்களுக்குப் புத்தகம் வேண்டும்.

தமிழ்க் குழந்தைக்கு இது இன்னும் அவசியம். 247 எழுத்துகள் ஒருபுறம் இருக்க, ‘கெ’ என்பதில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. அதைவிடப் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் ‘அவிய வாராவ’ என்று கேட்டு வளரும் பிள்ளை, பாடநூலில் ‘அவர்கள் வருகிறார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. எழுத்தும் புதிது, மொழிநடையும் புதிது. இந்த இரட்டைச் சுமையைக் குறைக்க ஒரு நல்ல வழி, எழுத்துத் தமிழை முன்கூட்டியே காதில் விழச்செய்வது. பெரியவர் ஒருவர் வரியின்கீழ் விரலோட்டி வாசித்து, படத்தைப் பற்றி ஊர்ப் பேச்சிலேயே கேள்வி கேட்டு, பிள்ளை கேட்கும்போதெல்லாம் அதே புத்தகத்தை மறுபடி வாசித்தால் போதும். வீட்டுப் பேச்சைத் திருத்த வேண்டியதில்லை. இரண்டையும் பிள்ளை தானே பிரித்தறியும்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும் (2010) மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் (2023) குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு வைத்துள்ளன. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் படிநிலைகளில் மெல்லிய நூல்களை வெளியிட்டது. எழுத்தாளர்களுக்கும் குறைவில்லை. கோவில்பட்டி உதயசங்கர் ‘ஆதனின் பொம்மை’ நூலுக்காக 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். பிரிட்டனில் 1992இல் பர்மிங்காமில் தொடங்கிய ‘புக்ஸ்டார்ட்’ திட்டம் கைக்குழந்தைகளின் குடும்பங்களுக்கே புத்தகம் கொடுத்தது, அதில் நூலகங்களும் பங்கேற்றன.

கிளை நூலகத்துக்கு மாளிகை தேவையில்லை. தரையில் ஒரு பாய், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் படப் புத்தகங்கள், வாரம் ஒரு கதைநேரம், பக்கத்து அங்கன்வாடியோடு தொடர்பு, புத்தகம் கிழிந்தால் கோபிக்காத நூலகர் ஆகியவை போதும். பிள்ளை படிக்கக் கற்கட்டும் என்று பெற்றோர் காத்திருக்க வேண்டாம். தங்கள் உறுப்பினர் அட்டையிலேயே இந்த வாரம் ஒரு படக்கதையை எடுத்துவந்து வாசித்துக் காட்டுங்கள்.