மருத்துவக் காரணங்களால் முடி உதிர்வு: விக் வாங்க காப்பீடு உதவுமா?

திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போய் விக்குகளாகிறது. பக்கத்திலுள்ள திருத்தணி முருகன் கோயிலிலும் நாள்தோறும் முடி இறக்குகிறார்கள். ஆனால் இதே வட்டாரத்தின் மணவூரில் ஒரு பெண்ணுக்கு கீமோ சிகிச்சையால் முடி கொட்டிவிட்டால், விக்கின் விலை கேட்டுத் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. காப்பீட்டில் கிடைக்குமா என்று விசாரித்தால், 'கிடைக்காது' என்பதே பெரும்பாலும் வரும் பதில். அது முழு உண்மையல்ல.

ஏன் மறுக்கிறார்கள்?

நம் நாட்டின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. விக் வெளியே கடையில் வாங்கும் பொருள். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளுக்குப் பணம் இல்லை என்ற விதியும் எல்லா பாலிசிகளிலும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. அந்தத் தொகை மருத்துவமனைக்கே செல்லும். விக் வாங்க நம் கைக்கு வராது.

இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?

பலர் அறியாத செய்தி இதுதான். செயற்கைக் கால், காது கேட்கும் கருவி ஆகியவற்றோடு விக்கையும் இ.எஸ்.ஐ. தன் உதவிப் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பெண் பயனாளிகளுக்கு இது வழங்கப்படும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்கள் 2017 முதல் இத்திட்டத்தில் வருகிறார்கள். அவர்களின் குடும்பத்தாருக்கும் மருத்துவ உதவி உண்டு. நம் பகுதியிலிருந்து அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் வீடுகளில் இந்த அட்டை இருக்கும். மகன் அல்லது கணவரின் அட்டையைக் கொண்டு, முதலில் இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரைப் பார்த்து, சிறப்பு மருத்துவரின் பரிந்துரையை எழுத்தில் பெறுங்கள்.

தனியார் பாலிசி வைத்திருந்தால்

1. தோற்றம் பற்றிய விதியை முழுதாகப் படியுங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அதே விதி விலக்கு அளிக்கிறது. விக்குக்கு இது உறுதியான உரிமை அல்ல. ஆனாலும் கோரிக்கை வைக்க ஒரு பிடி.

2. நோயின் பெயர், முடி உதிர்ந்த காரணம், விக்கின் தேவை ஆகிய மூன்றையும் மருத்துவர் எழுதித் தரட்டும். அமெரிக்காவில் 'கிரேனியல் ப்ராஸ்தெஸிஸ்' என்று குறிப்பிடுகிறார்கள். அங்குள்ள உறவினர்களுக்கு இது பயன்படும்.

3. தீவிர நோய் பாலிசி இருந்தால், நோய் உறுதியானதும் நிபந்தனைப்படி மொத்தத் தொகை தருவார்கள். அதில் விக் வாங்கத் தடையில்லை.

4. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. 30 நாட்களில் பதில் இல்லையென்றாலும், பதில் நிறைவளிக்காவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நோயால் முடி உதிர்ந்த மகளுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று ஒரு பெண் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை என்ற செய்தி புகாரியில் உள்ளது. இதை வைத்து விக் கூடாது என்போர் உண்டு. மனித முடியே தடை, மற்றவை கூடும் என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. போரில் மூக்கை இழந்தவர் பொன்னாலான மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததைச் சுட்டி, முழு வழுக்கையை மறைப்பது அலங்காரமல்ல, குறையை நீக்குவதே என்று சமகால அறிஞர்கள் சிலர் கூறுகின்றனர். உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மனித முடியா, செயற்கை இழையா என்பதை முடிவு செய்துவிட்டே பரிந்துரைச் சீட்டு வாங்குவது நல்லது. செயற்கை இழை விக்கின் விலையும் குறைவு.

கீமோ தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும். எனவே சிகிச்சைக்கு முன்பே இவற்றை விசாரித்து வைப்போம். ஜமாஅத்தில் உதவிக்கு வரும் நோயாளிக் குடும்பங்களிடம் 'வீட்டில் யாருக்காவது இ.எஸ்.ஐ. இருக்கிறதா?' என்று நிர்வாகிகள் ஒரு வார்த்தை கேட்டால், இன்ஷா அல்லாஹ், ஒரு சகோதரியின் சங்கடமாவது தீரும்.